மழை எல்லோருக்கும், பில் என் பெயருக்கு

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிக்கு, அதாவது அவுட்பேக் பக்கம் போகிறோம் என்று சொன்னால் ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், சாயங்காலம் கங்காரு குறுக்கே பாயும், வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதே. எல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் வாடகை வண்டி யார் பெயரில் இருக்கிறது, மழை பெய்து ரோட்டை மூடினால் கூடுதல் நாளுக்கு யார் கட்டுவது, நடுவில் ஒருத்தர் விமானம் ஏறிப் போய்விட்டால் அவர் பங்கு என்ன ஆகும், இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நாலு பேர் போன பயணத்துக்கு நாலாயிரம் டாலர் என் ஒருத்தனுடைய கிரெடிட் கார்டில் ஏறியது. அதற்காக வாரக்கணக்கில் தனியாக உட்கார்ந்து மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்து போகிறவர்களாவது தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது அடிலெய்டில். 2025 மார்ச் கடைசியில் குவீன்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில் பேய்மழை கொட்டியது. அந்த வெள்ளம் ஆறுகள் வழியாக மெதுவாக இறங்கி, மே மாதவாக்கில் தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் காட்டி தண்டா, அதாவது லேக் ஏர், ஏரிக்கு வந்து சேர்ந்தது. கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கும் அந்த ஏரி பெரும்பாலான வருடங்களில் வெறும் உப்புப் படுகைதான். அதில் தண்ணீரும் பறவைகளும் வந்திருக்கின்றன என்ற செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸாப் குழு சூடானது. என்னோடு வேலை பார்க்கும் கோவைக்காரத் தோழி, மெல்போர்னில் இருக்கும் என் கல்லூரி நண்பன் மதுரைக்காரன், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்ட, நாங்கள் எல்லோரும் அண்ணை என்று கூப்பிடும் பெரியவர், அப்புறம் நான். திட்டம் எளிமையானது. அடிலெய்டிலிருந்து பிளிண்டர்ஸ் மலை வழியாக மாரீ, அங்கிருந்து ஊட்னடாட்டா டிராக் என்னும் மண் ரோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் போனால் வில்லியம் கிரீக், அங்கே சிறிய விமானத்தில் ஏரியை மேலிருந்து பார்ப்பது, பிறகு இன்னொரு மண் ரோட்டில் 165 கிலோமீட்டர் தாண்டி கூபர் பீடி, அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தார் ரோட்டில் வீடு.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், காசு போனது இங்கேதான். சாதாரண வாடகை காரை மண் ரோட்டில் ஓட்ட இங்கே பெரும்பாலும் அனுமதி கிடையாது. ஃபோர் வீல் டிரைவ் எடுத்தாலும் எல்லா டிராக்குக்கும் தானாக அனுமதி வந்துவிடாது. நான் ஊட்னடாட்டா டிராக் என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டு, மெயிலில் எழுத்தாகப் பதில் வாங்கினேன். பின்னால் என்னைக் காப்பாற்றியவற்றில் அந்த மெயிலும் ஒன்று. கவுண்டரில் நாளுக்கு முப்பது சொச்சம் டாலர் சேர்த்துக் கட்டினால் விபத்துக்கு நாம் கட்ட வேண்டிய தொகை, அதாவது எக்ஸஸ், குறையும் என்றார்கள், கட்டினேன். கோவைக்காரி மட்டும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். "ஏனுங்க, கண்ணாடி, டயர், வண்டியோட அடிப்பக்கம், இந்த மூணும் இதுல வராதுன்னு போட்டிருக்குதுங்க" என்றாள். மண் ரோட்டில் அடிபடுவதே அந்த மூன்றும்தான்! வாடகை நிறுவனத்திடம் வாங்காமல் தனியாக ஆன்லைனில் விற்கும் எக்ஸஸ் காப்பீடுகள் பலவற்றில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும், விலையும் குறைவு. ஆனால் வண்டியைக் கையில் எடுக்கும் முன்பே வாங்கியிருக்க வேண்டும், மண் ரோடு அதில் அடங்குமா என்றும் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஓட்டுநராகப் பெயர் பதிந்தவர் மட்டும்தான் ஓட்டலாம். பதியாத ஒருத்தர் பத்து நிமிடம் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு மொத்தமும் காற்றில் போகும். என் பெயரையும் அண்ணை பெயரையும் பதிந்தோம். ஒப்பந்தக்காரர் என்ற இடத்தில் ஒரே பெயர், என்னுடையது. பாண்ட் என்கிற பிணைப் பணமும் என் கார்டில்தான் பிடித்து வைத்தார்கள்.

பிளிண்டர்ஸ் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள், நான் மாரீக்குப் போய்விடுகிறேன். பேரீச்ச மரங்களும், மண்சுவரும் வேய்ந்த கூரையுமாகப் பழையதன் மாதிரியில் திரும்பக் கட்டிய சிறிய மசூதியும் இருக்கும் ஊர் அது. ஆப்கானியர்கள் என்று பொதுவாக அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறினார்கள். அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தான், பஞ்சாப் பக்கத்து ஆட்கள். பழைய 'கான்' ரயிலும் இந்த வழியாகத்தான் ஓடியது. மழை வந்தால் தண்டவாளம் அடித்துக்கொண்டு போய்விடும், ரயில் நாள்கணக்கில் நின்றுவிடும். ஒருமுறை சாப்பாடு தீர்ந்து டிரைவர் காட்டு ஆடு சுட்டுப் பயணிகளுக்குப் போட்டார் என்று ஒரு கதை கூடச் சொல்வார்கள். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 1980இல் பாதையையே வெள்ளம் வராத மேற்குப் பக்கம் மாற்றினார்கள். ரயில்வேக்காரனே தோற்றுப் போன ஊரில் நாம் லீவைக் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழைய நிலையத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மாரீயைத் தாண்டியதும் தார் கிடையாது. டயரில் காற்றை முப்பது பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்துக்கொண்டோம். ரோடு முழுக்கப் பல்பல்லாகத் திட்டு, வேகம் எழுபதைத் தாண்டினால் வண்டிக்குள் பேச முடியாது. எதிரே வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அண்ணையின் சட்டம். "தம்பி, அவன் வாறான், ஓரமா நிப்பாட்டுங்கோ, ஒரு கல்லு போதும்" என்பார். ஒதுங்கித்தான் நின்றோம். டிரெய்லர் இழுத்துக்கொண்டு வந்த ஒரு யூட், அதாவது பிக்கப் வண்டி, வேகத்தைக் குறைக்கவே இல்லை. டப்பென்று ஒரு சத்தம், முன் கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல், அரை மணி நேரத்தில் அது கோடாக நீண்டுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் மீட்டர் ஓட ஆரம்பித்தது அப்போதுதான். மற்ற மூவரும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டு, வாப்மா கடார்பு பூங்காவில் பூமிக்கடியிலிருந்து குமிழ் விட்டுப் பொங்கும் நீரூற்றைப் பார்த்துக் குதூகலமாக இருந்தார்கள். நானும் பார்த்தேன். அழகான இடம்தான். மனசு கண்ணாடியிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் காவர்ட் ஸ்பிரிங்ஸ் நெருங்கும்போது பின் டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தது. பஞ்சர் என்றால் கிட்டில் இருக்கும் ரப்பர் திரியைக் குத்தி அடைக்கலாம். பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியோடு வந்தது ஒரே ஸ்டெப்னி. இந்த ரோடுகளுக்கு இரண்டு வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன, வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றுதான் தருகின்றன. கேட்டால் கூடுதல் வாடகைக்கு இரண்டாவது கிடைக்கும் இடங்கள் உண்டு, வண்டி பதிவு செய்யும்போதே கேட்டுப் பாருங்கள். ஜாக்கி வைக்க ஒரு அடிப்பலகையும் வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது. அண்ணை வீட்டிலிருந்து ஒரு கனத்த பலகைத் துண்டு கொண்டு வந்திருந்தார். காய்கறி வெட்டுகிற பலகை என்று நினைத்து அதில் கோவைக்காரி முதல் நாள் வெங்காயம் நறுக்கியிருந்தாள்.

அன்றிரவு மழை. சென்னை மழை கண்டவர்களுக்கு அது ஒரு மழையே கிடையாது, ஏதோ விடிய விடியத் தூறல். காலையில் ரோடு திறந்துதான் இருந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு வில்லியம் கிரீக் போய்ச் சேர்ந்தோம். மத்தியானம் மறுபடி பிடித்தது. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: மாரீ பக்கமும் மூடியாச்சு, கூபர் பீடி பக்கமும் மூடியாச்சு, ஊட்னடாட்டா பக்கமும் மூடியாச்சு. வில்லியம் கிரீக் என்பது ஒரு பழைய ஹோட்டல், ஒரு முகாம் இடம், ஒரு விமான ஓடுபாதை, விரல் விட்டு எண்ணக்கூடிய மக்கள், அவ்வளவுதான். ஊரைச் சுற்றி அன்னா கிரீக் என்ற மாட்டுப் பண்ணை, உலகத்திலேயே பெரியது.

மதுரைக்காரனுக்குப் புதிய வேலை, திங்கட்கிழமை இருந்தே ஆக வேண்டும். "மாப்ள, தூறலுக்குப் போயி ரோட்டை மூடுவாய்ங்களா? மெல்ல ஓட்டிட்டுப் போயிரலாம்டா" என்றான். அண்ணை ஒன்றும் பேசாமல் ரோட்டில் இறங்கி இருபதடி நடந்து திரும்பி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் சேறு ஒட்டி ஒட்டி அவர் சப்பாத்து நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. "இந்தச் சேத்துக்கை விட்டா வண்டி அங்கயே தாண்டு போகும். திறக்கட்டும், பிறகு போவம்." அங்கே மண் களி மண். மேலே கொஞ்சம் நனைந்தாலே சக்கரத்தில் அப்பிக்கொண்டு, வளையவும் விடாது, நிற்கவும் விடாது. மூடிய ரோட்டில் ஓட்டினால் அபராதம் உண்டு, போலீஸ் பிடிக்காவிட்டாலும் வாடகை ஒப்பந்தப்படி காப்பீடு செல்லாது. மாட்டிக்கொண்டால் வந்து இழுக்க ஆகும் செலவு பல ஆயிரம் டாலர், அதுவும் ரோடு திறந்த பிறகுதான் வருவார்கள். தார் ரோடே சில நேரம் தப்பாது. 2022 ஜனவரியில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வெள்ளத்தில் முழுகி, கூபர் பீடிக்கு விமானப்படை விமானத்தில் சாப்பாட்டுச் சாமான் கொண்டு போனார்கள். அதனால் இந்தப் பக்கம் வருகிறவர்கள் பயண நாள்களோடு குறைந்தது மூன்று நாள்களைச் சும்மா சேர்த்து வையுங்கள். திரும்பும் விமான டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற மாதிரி எடுங்கள். மாநில அரசு ஒவ்வொரு டிராக்கும் திறந்திருக்கிறதா, ஃபோர் வீல் டிரைவுக்கு மட்டுமா, மூடியிருக்கிறதா என்று இணையத்தில் போடுகிறது. ஊர் எல்லையில் பலகையும் இருக்கும். கிளம்பும் நாள் மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கச் சிக்னல் வேண்டுமே! விலை குறைந்த சிம்கள் டெல்ஸ்ட்ரா என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் கோபுரத்தையே பயன்படுத்தினாலும் பலவற்றுக்கு அதன் முழு வீச்சு கிடைக்காது. டெல்ஸ்ட்ராவாக இருந்தாலும் ஊர்களைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. அண்ணையிடம் பி.எல்.பி. என்கிற கையடக்க அபாய அறிவிப்பான் ஒன்று இருந்தது. செயற்கைக்கோள் வழியாக மீட்புக்குச் செய்தி அனுப்பும் கருவி, வாடகைக்கும் கிடைக்கும், பதிவு இலவசம். நல்ல வேளையாக அதை அமுக்க வேண்டி வரவில்லை.

காத்திருந்த நாள்கள் கெட்டவை என்று சொல்ல முடியாது. கூடாரம் நனைந்து, அறை எடுத்தோம். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, அரிசி, சின்ன காஸ் அடுப்பு இருந்ததால் பாதிச் சாப்பாடு நம்முடையது. மீதி ஹோட்டலில் சிப்ஸ். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த வழியில் சிப்ஸையே நம்பி இருக்க வேண்டாம், சொல்லிவிட்டேன். மழை விட்ட ஒரு வெளிச்சமான பொழுதில் விமானம் கிளம்பியது. இளஞ்சிவப்பும் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர், வானம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. ஏரிப் படுகையில் இறங்கி நடக்க இப்போது அனுமதி இல்லை. அது அரபானா மக்களுக்குப் புனிதமான இடம். மேலிருந்து பார்ப்பதுதான் சரி, அப்படிப் பார்த்தால்தான் அது அழகும்.

ஓடுபாதை காய்ந்த மறுநாள் மதுரைக்காரன் கூபர் பீடிக்கு ஒரு சிறிய விமானத்தில் இடம் பிடித்தான். அங்கிருந்து அடிலெய்டு, பிறகு மெல்போர்ன். மொத்தம் ஆயிரம் டாலருக்கு மேல் அவனுக்குத் தனியாகப் போனது. போகும்போது, "எனக்கு வேலை போயிரும்டா, தப்பா நினைக்காத" என்றான். தப்பாக நினைக்கவில்லை என்றுதான் சொன்னேன். உள்ளுக்குள் கோபம் இருந்தது. அவன் பயத்தில் நியாயம் இருந்ததும் தெரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் போலிருக்கிறது.

ரோடு திறந்ததும் நாங்கள் உடனே கிளம்ப முடியவில்லை. ஸ்டெப்னி இல்லாமல் 165 கிலோமீட்டர் மண் ரோடு போக எனக்குத் துணிவில்லை. எங்கள் அளவு டயர் கூபர் பீடியிலிருந்து வந்து சேர, டயருக்கும் கொண்டு வந்த கூலிக்கும் சேர்த்து 610 டாலர். கூபர் பீடியில் நிலத்தடி அறையில் ஒரு இரவு நன்றாகத் தூங்கினோம். பிறகு நெடுஞ்சாலை. ஐம்பத்து மூன்றரை மீட்டர் நீள ரோடு டிரெயின் லாரிகள் ஓடும் ரோடு அது, அவற்றை முந்த அவசரப்படாதீர்கள். இருட்டுவதற்கு முன் போர்ட் அகஸ்டா சேர்ந்து வண்டியைக் கழுவினோம். அடிப்பக்கச் சேற்றைக் கழுவக் காசு போட்டுக்கொண்டே இருந்தும் சிவப்புப் போகவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த ஒரு வாரத்தில் என் கார்டில் ஏறியது இது: தாமதமான நாள்களுக்கு 1,240, முன் கண்ணாடிக்கு 980, சுத்தம் செய்ய 350, அடிப்பக்கக் கீறலுக்கு 1,430. மொத்தம் 4,000 டாலர். குழுவில் போட்டேன். முதல் நாள் யாரும் பதில் போடவில்லை. மூவரும் படித்துவிட்டார்கள் என்று காட்டும் நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, வில்லியம் கிரீக்கில் மாட்டிக்கொண்டதை விட எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. யாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கு மனதில் இருந்தது, அவ்வளவுதான். மதுரைக்காரன் கடைசியில் எழுதினான்: "நான் இல்லாத நாளுக்கு நான் ஏன்டா கட்டணும்?"

முதலில் நிறுவனத்தோடு பேசி முடித்துவிட்டு நண்பர்களிடம் வருவோம் என்று முடிவு செய்தேன். அதுவே நல்லதாகப் போனது. வண்டி எடுத்த அன்று கோவைக்காரி தரையில் குனிந்து போனை வண்டிக்கு அடியில் நீட்டி வீடியோ எடுத்திருந்தாள். அன்று கிண்டல் செய்தோம். அவர்கள் சொன்ன கீறல் அந்த வீடியோவில் ஏற்கனவே இருந்தது. தேதியோடு அனுப்பினேன், 1,430 மொத்தமாகக் கைவிடப்பட்டது. தாமத நாள்களுக்கு நான் பதிவு செய்த விலையைப் போடாமல் கவுண்டர் விலையைப் போட்டிருந்தார்கள். ரோடு மூடிய அன்றே ஹோட்டல் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டுச் சொல்லி, அவர்கள் கொடுத்த குறிப்பு எண்ணை எழுதி வைத்திருந்தேன். அதைக் காட்டி வாதாடியதில் 820 ஆனது. பதில் வராமல் இழுத்தபோது, மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று ஒரு வரி சேர்த்ததும் வேகம் கூடியது. எல்லாவற்றையும் மெயிலில் எழுதுங்கள், போனில் பேசினால் பேசி முடித்ததும் அதைச் சுருக்கி ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். கண்ணாடிக்கும் சுத்தத்துக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்புறம் அண்ணை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம், மதுரைக்காரன் வீடியோ காலில். கண்ணாடி, டயர், சுத்தம் மூன்றும் சேர்ந்து 1,940, நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 485. தாமத நாள் 820ஐ நாங்கள் மூவர் மட்டும் ஏற்றுக்கொண்டோம். அவன் தன் காசில் பறந்து போனதால் அதுதான் நியாயம் என்று அண்ணை சொன்னார், எனக்கும் சரியென்று பட்டது. ஆனால் இந்தப் பேச்சை அடிலெய்டில் வண்டி ஏறும் முன் பத்து நிமிடத்தில் முடித்திருக்கலாம். யார் பெயரில் வண்டி, சேதம் எப்படிப் பிரியும், நாள் நீண்டால் என்ன, ஒருத்தர் முன்கூட்டிக் கிளம்பினால் என்ன, நாலு வரி குழுவில் எழுதி எல்லோரும் சரி போட்டால் போதும். கார்டு கொடுப்பவர் கேட்கக் கூச்சப்படுவார், அதனால் மற்றவர்களில் ஒருத்தர் அதை எழுதுவது நல்லது.

மதுரைக்காரன் இப்போது தன் பயணக் காப்பீட்டில் அந்த விமானக் கட்டணத்தைக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறான். ரோடு மூடியதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். மூடப்பட்டது என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில், சேறு அப்பிய சப்பாத்தோடு அண்ணை நிற்கும் போட்டோவை அனுப்பி வைத்தேன். தேதியும் இடமும் அதில் பதிவாகியிருக்கின்றன.